காதுகுத்துக்கு வந்த கியர் சைக்கிள்

ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் எனக்குக் காது குத்தியிருக்கவில்லை. பம்பாயில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருந்த எங்கள் பள்ளியில் மராத்திப் பிள்ளைகள், குஜராத்திப் பிள்ளைகள், மாட்டுங்காவிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் என்று எல்லார் காதிலும் ஏதோ ஒன்று மின்னும். என் பெஞ்சுத் தோழி, பிறந்த பன்னிரண்டாம் நாளே தனக்குக் குத்திவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வாள். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய பிறகு என் காதுகள் இரண்டும் மொட்டையாக வெளியே நிற்கும். அம்மா ஸ்டிக்கர் கம்மல் வாங்கி ஒட்டி அனுப்புவாள். ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் அதில் ஒன்று வியர்வையில் நழுவிக் கன்னத்துக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற எனக்கு அது தெரியவில்லை. எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அன்று முழுவதும் காதைக் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காதுவலியா என்று டீச்சர் கேட்டார். ஆமாம் என்றேன்.

காது குத்தாததற்குக் காரணம் வறுமை இல்லை, மறதியும் இல்லை. எங்களுக்குத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். கம்மலும் அவர்தான் கொண்டுவர வேண்டும். எனக்கு இருந்தது ஒரே ஒரு மாமா, அம்மாவின் தம்பி. அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டை வந்த கதை சொன்னால் சிரிப்பு வரும். எனக்கு மூன்று வயது முடிவதற்குள் காது குத்திவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. தாராவியில் ஒரு மண்டபத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தில் அப்பா அந்த வீட்டு மாப்பிள்ளை என்ற முறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பந்தி மேல் பந்தி போயிருக்கிறது. சாப்பிட வாருங்கள் என்று அவரை யாரும் வந்து கூப்பிடவில்லை. தானாக எழுந்து போய் இலையில் உட்கார்ந்தால் மாப்பிள்ளைக்கு மரியாதை என்ன ஆவது என்று அவரும் அசையவில்லை. கடைசிப் பந்தி முடிந்து இலை எடுக்கும்வரை அப்படியே இருந்துவிட்டு, வெறும் வயிற்றோடு வடாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்து பாவ் ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றாராம். அதற்குப் பிறகு மாமா பலமுறை வந்து பார்த்தார், ஆள் அனுப்பிப் பார்த்தார். அப்பா மசியவில்லை. அந்த ரோஷத்துக்கு விலையாக என் காது வருஷக்கணக்கில் மொட்டையாக நின்றது. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்று சொன்னவர்களிடம், என் தம்பி உயிரோடு இருக்கான் என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

ஸ்டிக்கர் கம்மல் கன்னத்துக்கு வந்த அன்று வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். அப்பா டாங்கர் லாரி ஓட்டிவிட்டுக் களைத்து வந்து கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். தட்டு வரவில்லை.

“உங்க ரோஷத்த உருக்கி ரெண்டு கம்மல் செஞ்சு போடுங்க அவளுக்கு,” என்றாள் அம்மா.

அப்பா தட்டைக் கேட்காமலே எழுந்துபோய்த் தாராவிக்கு ஆள் சொல்லி அனுப்பினார். மறுவாரம் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு பேரும் நேரடியாக ஒருவரை ஒருவர் பார்க்காமல், என்னிடம் மாறி மாறி என் படிப்பைப் பற்றி விசாரித்தார்கள். நான் எந்த வகுப்பு என்பது அப்பாவுக்கே தெரியாதது போல இருந்தது. கடைசியில் மாமா, “ஞாயித்துக்கிழம நல்ல நாளா இருக்கு அத்தான்,” என்றார். “பாத்துக்கிடுவோம் மாப்ள,” என்றார் அப்பா. உள்ளே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். பெஞ்சுத் தோழியிடம் சொன்னதோடு நிற்காமல் விழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டும் விட்டேன்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். ஒல்லியான, குள்ளமான மனிதர். விரல் நுனியெல்லாம் சாயம் ஏறிக் கறுத்திருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவரிடம் ஒட்டுப்பசை வாசனை போகாது. அப்பாவோ ஆறடிக்குப் பக்கம், மீசை, பெரிய வண்டி. வடாலாவில் லாரிகள் நிற்கிற இடத்தில் அவர் நடந்துபோனால் நாலு பேர் உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் இரும்பு லீவரால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே சுற்றிவருவார். சத்தத்தை வைத்தே காற்று சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். உலகத்தில் டயர் என்று எது இருந்தாலும் அது அப்பாவுக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வந்தபோது கையில் கம்மல் பெட்டி மட்டும் இல்லை, ஒரு சைக்கிளும் இருந்தது. சிவப்பு நிறக் கியர் சைக்கிள். தாராவியிலிருந்து மாட்டுங்கா வழியாக அதை உருட்டிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். ஏறி ஓட்டி வந்திருக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, பிள்ளைக்குச் சீராகக் கொடுக்கிற சாமானில் முதலில் தான் ஏறி உட்காரலாமா என்று கேட்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வழியெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு உருட்டியிருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது நான் பார்த்தது அந்த நனைந்த சட்டையைத்தான். தோழி வருவதற்குள் அதை மாற்றிவிடுவாரா என்று கவலையாக இருந்தது.

அப்பா சைக்கிளைச் சுற்றிவந்து விரல் முட்டியால் டயரைத் தட்டினார். கடையில் மேலே தொங்கவிட்டிருந்த சைக்கிள். காற்று குறைவாக இருந்தது. கோயில் வாசலில் சீரை வைக்கும்போது டயர் தொங்கிப்போய் நிற்கக் கூடாது என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. பக்கத்துச் சைக்கிள் கடையில் கைப்பம்ப் இருந்தது. அங்கே போகலாம் என்றார் மாமா. அது பிள்ளைகள் விளையாட்டுக்கு என்றார் அப்பா. தான் தினமும் போகிற பெட்ரோல் பம்ப் இருக்கும்போது எதற்கு என்று சைக்கிளைத் தானே பிடித்துக்கொண்டார். மச்சினன் கொண்டுவந்த சீர் நாலு பேர் முன்னால் கம்பீரமாக நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அத்தனை வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்ததற்கு அது ஒரு பரிகாரம் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் கூடவே போனேன்.

பெட்ரோல் பம்பில் காற்றடிக்கிற ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். அப்பாவை அங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் குழாயைத் தானே எடுத்தார். கியர் சைக்கிளின் வால்வு கார் டயர் வால்வு மாதிரியே இருந்ததால் குழாய் முனை கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பா அழுத்திப் பிடித்தார். டயர் நிறைந்தது. தட்டிப் பார்த்தார். லாரி டயரின் சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார். சைக்கிள் டயர் லாரியின் சத்தத்தைக் கொடுக்காது என்பது அவருக்குத் தோன்றவில்லை. சுவரில் ஒரு மீட்டர் இருந்தது. அதை அவர் திரும்பியே பார்க்கவில்லை, அதெல்லாம் கார்க்காரர்களுக்கு.

மாமா குனிந்து டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்தார். பிறகு மெதுவாக, “கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாக்கலாம் அத்தான். டயர்லயே ஒரு கணக்குப் போட்டிருக்கான்,” என்றார்.

“மாப்ள, நீ தோலப் பாத்துக்கோ. டயர எங்கிட்ட விடு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாமாவும் சிரித்தார். முன்சக்கரத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் டயர் விளிம்பை விட்டு லேசாகப் பிதுங்கியிருந்தது. அங்கே விரல் நின்றது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அப்பா பின்சக்கரத்தை முடித்துவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மாமா கையை எடுத்துவிட்டார். ஒரு வாரம்கூட ஆகாத சமாதானம் அது.

கோயில் எங்கள் தெரு முனையில் இருந்த சிறிய பிள்ளையார் கோயில். வாசலில் சைக்கிளை நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்து, கைப்பிடிக்கு மாலை போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காது குத்தி முடிந்ததும் நான் ஏறி உட்கார்ந்து அதை நசுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பதினோரு மணி வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. அப்பாவோடு வண்டி ஓட்டுகிறவர்கள் நாலைந்து பேர், அக்கம்பக்கத்துக்காரர்கள், செம்பூரிலிருந்து அப்பாவின் அக்கா, என் தோழி, அவளுடைய அம்மா என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தை வந்ததும் வராததுமாகச் சைக்கிளைப் பார்த்துவிட்டு, தங்கத்தில் குறைத்துத் தகரத்தில் நிரப்பிவிட்டானா என்று கேட்டாள். மாமாவின் காதில் விழும்படியாகத்தான் கேட்டாள்.

எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி மாமா மடியில் உட்காரவைத்தார்கள். அந்தச் சங்கடத்தை எப்படிச் சொல்வது? காது குத்துகிற பிள்ளை என்றால் இடுப்பில் தூக்கிவருகிற பிள்ளையாக இருக்கும். நான் மாமாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தேன். என் கால் இரண்டும் தரையில் இழுபட்டது. பாரம் தாங்காமல் அவர் ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் சாய, கூட்டம் சிரித்தது. தோழியும் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்ல சட்டைக்கு மாறியிருந்தும் மாமாவிடம் பசை வாசனை வந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஆசாரி வலது காதில் சந்தனப் புள்ளி வைத்தார். வாயில் அம்மா காப்பரிசியைத் திணித்தாள். கம்பி சுருக்கென்று இறங்கியது. அதே நொடியில் வெடித்தது.

காதுக்குள்தான் ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய சத்தம். யாரோ சிலிண்டர் என்று கத்தினார்கள். பம்பாயில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் ஜனங்கள் முதலில் ஓடிவிட்டுப் பிறகுதான் என்னவென்று கேட்பார்கள். தோழியின் அம்மா அவளை இழுத்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டாள். ஆசாரியின் கை பதறி, என் வலது காதுத் துளை இன்றைக்கும் ஒரு நூல் மேலேதான் இருக்கிறது. புகை எதுவும் இல்லை என்று தெரிந்து எல்லாரும் திரும்பி வந்து பார்த்தால், சைக்கிள் முன்பக்கம் குப்புற விழுந்து கிடந்தது. டயர் விளிம்பை விட்டு வெளியே வந்து, கிழிந்த டியூப் நாக்கைப் போலத் தொங்கியது. எலுமிச்சம்பழம் உருண்டு சாக்கடைக்குப் போயிருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது எல்லாருக்கும். பிறகு சிரிப்பு அடங்கியது. காது குத்தும் நேரத்தில் சீர் வெடிப்பது நல்லதா கெட்டதா என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“தாராவி மாலுதான. வேற எப்படி இருக்கும்?”

தாராவி என்றால் டூப்ளிகேட் என்று பம்பாய் முழுக்கப் பேச்சு. லாரிக்காரர்களில் ஒருவர் சிரித்தார். எல்லார் கண்ணும் மாமாவின் மேல் இருந்தது. நான் அவர் மடியில் இருந்ததால் அந்தப் பார்வை என் மேலும்தான் விழுந்தது. அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மடியை விட்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அப்பா விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தினார். பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து நகத்தால் வால்வை அழுத்திக்கொண்டு நின்றார். காற்று மெல்லச் சீறி வெளியேறியது. ஏதோ சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. காற்றில் குறை ஒன்றும் இல்லை, அதை அடித்தது என் அப்பா என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டால், அப்பா மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று. யாரும் அப்பாவைச் சந்தேகப்படவில்லை என்பது என் புத்திக்கு எட்டவில்லை. தோழிக்கும் அவள் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று உரக்க, “எங்க அப்பாதான்…” என்று ஆரம்பித்தேன்.

முழங்கைக்கு மேல் மாமா என்னைக் கிள்ளினார். சாதாரணக் கிள்ளல் இல்லை. தோலில் ஊசி ஏற்றிப் பழகிய விரல்கள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கிள்ளிய கையை எடுக்காமலே அவர் அப்பாவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“கடக்காரன் பழைய டியூப மாட்டிக் குடுத்துட்டான் அத்தான். நாந்தான் சரியாப் பாக்காம வாங்கிட்டு வந்துட்டேன். எந் தப்புதான்.”

நான் மடியிலிருந்து குதித்து இறங்கிவிட்டேன். ஒரு காதில் அவசரமாக மாட்டிய கம்மல், இன்னொரு காதில் சந்தனப் புள்ளி. மாமா மடியில் உட்கார மாட்டேன் என்று அழுதேன். அம்மா கெஞ்சினாள், அதட்டினாள். ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாமா எழுந்திருக்கவில்லை. மற்ற கம்மலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காலியான மடியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சம்மணம் போட்டிருந்த அந்தச் சின்ன உருவத்தைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் இடது காதை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருந்தால் அன்றோடு அந்த உறவு முடிந்திருக்கும். அத்தை அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அப்பா வந்தார். கையெல்லாம் டயர்க் கறுப்பு. என்னை அலாக்காகத் தூக்கி மாமாவின் மடியில் மறுபடி உட்காரவைத்தார். திட்டவில்லை. மாமாவின் தோளில் ஒரு நிமிடம் கையை வைத்தார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. “நல்லாப் புடிச்சுக்கோ மாப்ள,” என்று மட்டும் சொன்னார். இடது காதும் குத்தியாயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் உருப்படாத சாமான் எதுவானாலும் அதற்கு மாமா டியூப் என்று பெயர் வந்துவிட்டது. மழையில் மடங்குகிற குடை, சார்ஜ் நிற்காத செல்போன், நடுவழியில் அறுந்த செருப்பு, எல்லாம் மாமா டியூப். அத்தை ஆரம்பித்துவைத்தாள், நாங்கள் பிடித்துக்கொண்டோம். மாமா முன்னாலேயே சொல்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்பா மட்டும் அந்தப் பேச்சு வரும்போது கை கழுவ எழுந்துபோவார். எனக்கு நகைச்சுவை பிடித்த அளவுக்கு அவருக்குப் பிடிக்காது என்று வைத்துக்கொண்டேன்.

போன மாதம் செம்பூரில் ஒரு பெட்ரோல் பம்பில் என் மகனுடைய சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். இப்போது எண்ணைப் பொத்தானில் அமுக்கி வைத்துவிட்டால் அந்த அளவு வந்ததும் மிஷின் கத்திவிட்டு நின்றுவிடுகிறது. எந்த எண் வைக்க என்று கேட்டான் காற்றடிக்கிறவன். நான் விழிப்பதைப் பார்த்து, டயரிலேயே எழுதியிருக்கும், பாருங்கள் என்றான். குனிந்து துடைத்துப் படித்தேன். அவன் ஒரே மூச்சில் அடிக்காமல் விட்டு விட்டு அடித்தான். நடுவில் டயர் விளிம்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தான். லாரி டயர் நிதானமாகக் குடிக்கிற காற்று இந்தச் சின்ன டியூபில் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும், வெயிலில் நிறுத்தினால் இன்னும் உப்பும் என்று தானாகவே சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவனுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வயதில் வெட்கப்பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. நடு ரோட்டில், பிள்ளைக்கு முன்னால், எனக்கு அப்படி வெட்கமாக இருந்தது. அத்தனை வருஷம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அன்றே தெரியும். தெரியும் என்று மாமாவுக்கும் தெரியும்.

காது குத்திய அன்று சாயங்காலம் அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து, தானே வாங்கிவந்த புது டியூபை முன்சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். கைப்பம்ப் ஒன்றும் இரவல் வாங்கி வைத்திருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். கிள்ளிய இடம் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

“மாமா கிள்ளிட்டாங்க.”

அப்பா வேலையை நிறுத்தாமல் எதற்கு என்று கேட்டார்.

“நீங்கதான் காத்து அடிச்சீங்கன்னு சொல்ல வந்தேன். சொல்லவிடாமக் கிள்ளிட்டாங்க.”

அவர் கை நின்றது. என் கையைப் பிடித்து அந்த இடத்தைப் பார்த்தார். வலிக்குதா என்று கேட்டார். பிறகு உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். மாமாவை ஏசுவீர்களா என்று கேட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்தார். மறுபடி கேட்டேன். குனிந்து, வேலை எதுவும் பாக்கியில்லாத பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தெளிவாகக் காட்டியும் மாமாவை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. அப்பா ஏன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.